அண்ணத்தில் கத்தி வைக்கும் முன்: முரசு ஒட்டுச் சிகிச்சை பற்றி ஓர் ஆசிரியைக்கு

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் 36 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

மேல்வரிசையின் இடப்பக்கத்து வேட்டைப் பல்லிலும் அதற்கடுத்த முன்கடைவாய்ப் பல்லிலும் முரசு (ஈறு) விலகி வேர் தெரிகிறது. ஒன்றில் 4 மி.மீ., மற்றதில் 3 மி.மீ. கீழ்வரிசையின் நடு வெட்டும் பல் ஒன்றில் 2 மி.மீ. அளவு விலகியிருக்கிறது, கீழுதட்டை இழுத்தால் அந்த இடத்து முரசும் சேர்ந்து அசைகிறது. காலையில் பைப் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே கூச்சம் உச்சிக்கு ஏறுகிறதாம். ஹட்டனில் பார்த்த வைத்தியர், அண்ணத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்ட வேண்டும் என்றார். கண்டியில் பார்த்த வைத்தியர், மேற்பரப்பைத் தொடாமல் ஒரே வெட்டில் உள்ளேயிருந்து எடுக்கலாம் என்றார். அவர் சிங்களத்தில் விளக்கியதில் பாதி புரியவில்லை. பற்களுக்கு இடையிலான எலும்பு எக்ஸ்ரேயில் நன்றாக இருப்பதாக இருவருமே சொல்லியிருக்கிறார்கள். பிறகு இணையத்தில் தேடியதில் 'கதவு வெட்டு' என்று மூன்றாவது முறை ஒன்றும் கண்ணில் பட்டுக் குழப்பம் கூடியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் தம்பி, "இப்போது அண்ணத்தை வெட்டவே தேவையில்லை அக்கா, பன்றித் தோலில் செய்த சவ்வு இருக்கிறது" என்கிறார். வாயில் கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். எது வலி குறைந்தது, எது பாதுகாப்பானது, அண்ணத்தில் குழி விழுமா, வகுப்பில் பேச முடியுமா, ஒன்றும் செய்யாமல் விட்டால் பல் விழுந்துவிடுமா என்பவை கேள்விகள்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "வெற்றிலை, புகையிலை கிடையாது. ஆனால் சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு சேர்ந்து பாக்கு மட்டும் கொஞ்சம் மெல்லுவேன். இப்போது சில மாதமாகக் கட்டச் சம்பல் சாப்பிட்டால் வாயெல்லாம் எரிகிறது, வயிற்றுப்புண்ணாக இருக்கும்."

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும்.

முதலில் அந்த எரிவு

பாக்கை வருடக்கணக்கில் மெல்லும் ஒருவருக்குக் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், வயிற்றுப்புண் என் மனதில் கடைசியாகத்தான் வரும். பாக்கில் உள்ள பொருட்கள் வாயின் மென்தோலுக்கு அடியில் நார் இழையத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்கின்றன. ஆரம்பத்தில் எரிவு மட்டும் இருக்கும். பிறகு கன்னத்தின் உட்புறமும் அண்ணமும் வெளிறி, பளிங்குபோல் நிறம் மாறும். நாட்கள் போகப்போக வாய் திறக்கும் அளவு குறையும். இது வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளில் ஒன்றாகக் கருதப்படும் நோய். உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லவில்லை. இரும்புச் சத்துக் குறைந்தாலும் வாய் எரியும், மலையகப் பெண்களிடம் இரத்தச்சோகை புதிதல்ல. ஆனால் இரண்டையும் பார்த்துத் தீர்க்காமல் உங்கள் அண்ணத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

காரணம் எளிது. ஒட்டு எடுப்பதற்கு அண்ணம்தான் முதல் இடம். அங்கே நார் படிந்திருந்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வெட்டிய காயம் ஆறச் சுணங்கும், எடுத்த துண்டும் தரமாக இராது. எந்த முறை நல்லது என்ற விவாதமே அதற்குப் பிறகுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று வாயை முழுதாகத் திறந்து, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் நெடுக்குவாக்கில் அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு இடையில் வையுங்கள். மூன்றும் நுழையாவிட்டால் நாள் கடத்தாதீர்கள். நுழைந்தாலும் எரிவுக்காகக் காட்டத்தான் வேண்டும். ஆரம்ப நிலையில் வாய் நன்றாகவே திறக்கும்.

'பாக்கு மட்டும்தான், புகையிலை இல்லை' என்று நீங்கள் எழுதிய தொனியில் ஒரு நிம்மதி தெரிந்தது. மன்னிக்க வேண்டும், அந்த நிம்மதிக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை கலக்காத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களிடம் குறைவு என்றாலும், கொழுந்து பறிக்கப் போகும்போது மடியில் வெற்றிலைப் பை செருகும் நம் தோட்டங்களில் அந்தக் கணக்கை நம்பி இருக்க முடியாது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: கத்தி பட்டுப் புற்று வருவதில்லை, அம்மா பயப்பட வேண்டியது பாக்குக்குத்தான். அவர் வாயையும் காட்டவேண்டும். வயதில் மூத்தவர், உங்களைவிட நீண்ட காலம் மென்றவர்.

முரசு ஏன் விலகியது

முரசு விலகுவதற்கு இரண்டு பெரிய பாதைகள் உண்டு. அதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே நம் மலையகம்தான் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 1970ல் தொடங்கி, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை நோர்வே நாட்டவர் ஒருவர் தலைமையிலான ஆய்வுக் குழு பல வருடங்கள் திரும்பத் திரும்ப அளந்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ எட்டாதவர்கள் அவர்கள். அதே காலத்தில் ஒஸ்லோவில் நன்றாகப் பல் துலக்கும், ஒழுங்காக வைத்தியம் பெறும் படித்தவர்களையும் அளந்தார்கள். 1992ல் முரசு விலகல் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை வந்தது. நோர்வேக்காரரில் 20 வயதிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விலகல் இருந்தது, ஆனால் பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தில் மட்டும். நம் தோட்டத்து ஆண்களிடம் 20 வயதுக்கு முன் அது குறைவு. 30 வயதாகும்போது பத்தில் ஒன்பது பேருக்கு, 40ல் எல்லோருக்கும், அதுவும் வெளிப்புறம், உட்புறம், பற்களுக்கு இடை என எல்லாப் பக்கமும். அங்கே பிரஷ் அரைத்தது. இங்கே பல்லில் படிந்த காரையும் தொற்றும் எலும்பைத் தின்றன. முரசு நோய்ப் பாடப்புத்தகங்களில் உலகமெங்கும் நம் ஆட்களின் வாய்கள் அட்டவணைகளாக இருக்கின்றன. அதனால் அந்த லயங்களுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பது வேறு கேள்வி. அதை இங்கே இழுத்தால் கடிதம் முடியாது.

உங்களுடையது முதல் வகை. பற்களுக்கு இடையில் எலும்பு குறையவில்லை, விலகல் வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் இடப்பக்கம். நீங்கள் வலக்கைக்காரராக இருந்து, கடினமான பிரஷ்ஷை மரம் அறுப்பதுபோல் குறுக்கே தேய்ப்பவராக இருந்தால், அது ஓங்கிப் படும் இடம் இதுவேதான். வேட்டைப் பல் வரிசையிலிருந்து சற்று வெளியே துருத்தி நிற்பது. அதற்கு மேலுள்ள எலும்பும் முரசும் இயல்பாகவே மெல்லியவை. சாம்பல், கரித்தூள், உப்பு இவற்றால் விரல் கொண்டு தேய்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை விலகலால் மட்டும் பல் ஆடி விழுந்துவிடாது. கூச்சம், வேர் தேய்தல், வேரில் சொத்தை, தோற்றம் ஆகியவைதான் இதன் தொல்லைகள். ஆகவே அவசரம் இல்லை. மூன்று மாதம் எடுத்துக்கொண்டு முடிவு செய்தால் எதுவும் கெட்டுவிடாது.

இந்த மூன்று மாதத்தில் மென்மையான பிரஷ்ஷுக்கு மாறி, முரசிலிருந்து பல் நுனியை நோக்கி உருட்டித் துலக்கப் பழகுங்கள். கூச்சத்துக்கான பற்பசையை இரவில் துலக்கிய பின் விரல் நுனியால் வேரில் தடவி விடுங்கள். இதை மாற்றாமல் ஒட்டு வைத்தால், ஒட்டிய முரசையும் அதே பிரஷ் தின்றுவிடும். கூச்சம் அடங்கி, தோற்றத்தைப் பற்றியும் கவலை இல்லாவிட்டால், மேல்வரிசைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு இடமிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். அளவு கூடிக்கொண்டே போனால் பேச்சு வேறு.

இரண்டு வைத்தியர்களும் முரண்படவில்லை

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட பெரிய குழப்பம் இது. ஹட்டன் வைத்தியர் ஒன்று சொல்கிறார், கண்டி வைத்தியர் அதை மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது, ஒருவர் உங்கள் கீழ்ப் பல்லைப் பற்றியும் மற்றவர் மேல் பற்களைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. இரண்டு இடங்களுக்கும் நோக்கம் வேறு.

கீழ் வெட்டும் பல்லில் உதட்டோடு முரசு அசைகிறது என்றால், அங்கே எலும்போடு இறுகப் பிடித்த தடித்த முரசு இல்லை. அங்கே தேவை ஒரு உறுதியான பட்டை. வேரை மூடுவது இரண்டாம் பட்சம். அதற்கு அண்ணத்தின் மேற்பரப்பையும் சேர்த்து எடுத்து ஒட்டும் பழைய முறை, 1960களிலிருந்து செய்யப்படுவது, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. குறை என்னவென்றால் ஒட்டின இடம் சுற்றியுள்ள முரசைவிட வெளிறித் தெரியும். கீழ்ப் பல்லில் உதடு மறைத்துவிடும்; சிரித்தால் தெரியும் மேல்வரிசைக்கு அது ஒத்துவராது.

மேல் வேட்டைப் பல்லில் நோக்கம் வேரை மூடுவது. அங்கே இருக்கும் முரசையே தளர்த்தி இழுத்து வேரின்மேல் கொண்டுவந்து, அதன் அடியில் அண்ணத்திலிருந்து எடுத்த தொடுப்பிழையத்தை (மேல்தோலுக்கு அடியிலுள்ள இழையம்) மெத்தையாக வைத்துத் தைப்பார்கள். மேலே இருப்பது உங்கள் சொந்த முரசு என்பதால் நிறம் மாறாது. பற்களுக்கு இடையில் எலும்பு குறையாத உங்களைப் போன்றவர்களுக்கு வேர் முழுதாக மூடுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 'கட்டாயம் முழுதாக மூடும்' என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரை விட்டு விலகி நில்லுங்கள்.

எடுக்கும் முறைகள்

டீச்சர் என்பதால் ஒரு கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டை மேலணி (மேல்தோல்), நடுத்தாள்கள் தொடுப்பிழையம், அடிமட்டை எலும்பு. நடுத்தாளில் மேலே உள்ளது இறுக்கமானது, ஒட்டுக்கு மிக நல்லது. அடிக்குப் போகப்போகக் கொழுப்பும் சுரப்பிகளும் கலந்து தளர்ந்துபோகும். எல்லா முறைகளும் இந்த நடுத்தாளை எப்படி எடுப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

கதவு வெட்டு 1974ல் வந்தது. மூன்று பக்கம் வெட்டி மட்டையைக் கதவுபோல் திறந்து, நடுத்தாளை எடுத்து, மூடித் தைப்பது. பார்வை தெளிவாக இருக்கும், பெரிய துண்டு எடுக்கலாம். ஆனால் மூன்று பக்கமும் வெட்டியதால் அந்தக் கதவுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கதவு மெல்லியதாக இருந்தால் ஒரு வாரத்தில் கறுத்து உரிந்து போகலாம். அப்போது வரும் வலி, திறந்த காயத்தின் வலியைவிட மோசம். 1985 அளவில் பரவிய இணை வெட்டு முறையில் அருகருகே இரண்டு கோடு வெட்டி நடுவில் உள்ளதை ஓர் ஒடுங்கிய மேலணிப் பட்டையோடு எடுப்பார்கள். அந்தக் கோடு மட்டும் திறந்து ஆறும்.

ஒற்றை வெட்டு 1999ல் விவரிக்கப்பட்டது. பல் வரிசைக்கு இணையாக ஒரே கோடு, அதற்குள் கத்தியைச் செலுத்தி உள்ளிருந்தே நடுத்தாளை உருவுவது. மற்ற மூன்று பக்கமும் இரத்த ஓட்டம் அப்படியே இருப்பதால் மேல்மட்டை உரிவது குறைவு, தையலும் குறைவு. நீங்கள் இதைத்தான் 'மொடர்ன், வலியே இல்லாதது' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல முறைதான், எனக்கும் பிடித்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெட்டுவது. கை பழகியவருக்கே சரிவரும். அதைவிட முக்கியம், அண்ணம் தடிப்பாக இருக்க வேண்டும். மட்டைக்கும் தடிப்பு விட்டு, நடுவிலும் ஒரு 1 முதல் 1.5 மி.மீ. எடுத்து, எலும்பின்மேலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமே. மொத்தமே 2.5 மி.மீ. உள்ள அண்ணத்தில் இந்த வித்தை பலிக்காது.

அப்படி மெல்லிய அண்ணம் உள்ளவருக்கு, மேற்பரப்போடு சேர்த்து மெல்லிய துண்டாக எடுத்து, வாய்க்கு வெளியே வைத்து மேலணியைக் கத்தியால் சீவிவிட்டு ஒட்டும் முறை உண்டு. மட்டையோடு எடுத்து மட்டையைக் கழற்றிவிடுவது. கிடைப்பது மேற்பகுதியின் இறுக்கமான இழையம், ஒட்டின் தரம் அருமை. அண்ணத்தில் காயம் திறந்தபடி ஆறும் என்பதால் நோயாளிகள் பயப்படுவார்கள். 2010ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று 50 பேரில் இந்த முறையையும் கதவு வெட்டையும் ஒப்பிட்டது. வலிமாத்திரை சாப்பிட்ட அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எடுத்த துண்டு எவ்வளவு பெரியது, எலும்பின்மேல் எவ்வளவு மிச்சம் விட்டார்கள், கதவு வெட்டில் மூடிய தோல் உரிந்ததா என்பவைதான் வலியைத் தீர்மானித்தன. திறந்த காயத்தைக் கொலாஜன் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடாமல் விட்டால் கதை வேறு.

அண்ணத்தை விட்டால் ஒட்டு எடுக்க இன்னோர் இடமும் உண்டு, இணையத்தில் உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது: மேல்வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலுள்ள மேடு. அங்குள்ள இழையம் மிக இறுக்கமானது, வலியும் குறைவு. ஞானப்பல் முளைத்திருந்தால் அங்கே போதிய இடம் இராது. கிடைப்பதும் சிறு துண்டுதான். உங்களுக்கு இரண்டு பற்களுக்குத் தேவை என்பதால் போதுமா என்பதை வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆக, 'எந்த முறை நல்லது' என்று வைத்தியரைக் கேட்காதீர்கள். 'என் அண்ணம் எத்தனை மி.மீ. தடிப்பு' என்று கேளுங்கள். மரக்கச் செய்தபின் மெல்லிய ஊசியைக் குத்தி எலும்பு தட்டும் வரை அளந்தால் தெரிந்துவிடும். 3 மி.மீ.க்கு மேல் இருந்து, கை பழகியவரும் கிடைத்தால், உங்கள் மேல்வரிசைக்கு ஒற்றை வெட்டு என் முதல் தெரிவு. குறைவாக இருந்தால் மேற்பரப்பில் எடுத்துச் சீவும் முறை. கதவு வெட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். கீழ்ப் பல்லுக்கு ஹட்டன் வைத்தியர் சொன்னது சரியே.

அண்ணத்தில் நிரந்தரக் குழி விழாது. திறந்த காயம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மூடிவிடும். இழந்த தடிப்பு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். உண்மையான ஆபத்து இரத்தக்கசிவு. அண்ணத்தில் பின்னிருந்து முன்னாக ஒரு நாடி (இரத்தக்குழாய்) ஓடுகிறது. பற்களின் கழுத்திலிருந்து அது இருக்கும் தூரம் அண்ணத்தின் வளைவைப் பொறுத்தது: தட்டையான அண்ணத்தில் சுமார் 7 மி.மீ., நடுத்தரத்தில் 12, உயர்ந்த வளைவில் 17. அதனால்தான் வேட்டைப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில், பல்லிலிருந்து சற்றுத் தள்ளி, அதிகம் உயரே போகாமல் எடுப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர், நீரிழிவு கட்டுப்படாதவர், கர்ப்பிணி என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்கள் இவை பற்றி ஒன்றும் எழுதவில்லை.

தம்பி சொன்ன சவ்வு

அது உண்மை. பன்றியின் கொலாஜனில் செய்த சவ்வும், தானம் பெற்ற மனிதத் தோலைப் பதப்படுத்திச் செய்ததும் இருக்கின்றன. அண்ணத்தில் காயமே இல்லை என்பது பெரிய வசதி. வேரை முழுதாக மூடுவதிலும் முரசைத் தடிப்பாக்குவதிலும் சொந்த இழையமே இன்றுவரை முன்னால் நிற்கிறது. உங்கள் கீழ்ப் பல்லுக்குத் தேவையான உறுதியான பட்டையை இவை அவ்வளவு நன்றாகத் தருவதில்லை. இங்கே இறக்குமதிப் பொருள், கைக்காசு போகும். பன்றி என்பதில் உங்களுக்கோ வீட்டாருக்கோ மனத்தடை இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பயன்படுத்துவது எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அந்த எரிவு நான் பயப்படும் நோயாக இருந்து, அண்ணத்தைத் தொடக் கூடாது என்றாகிவிட்டால், அப்போது இந்தச் சவ்வைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அதுவும் முரசுப் பக்கம் நார் படியாமல் இருந்தால்தான்.

எங்கே போவது, என்ன கேட்பது

டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டி, பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் நோய்களைப் பார்ப்பவர்களும் முரசு நோய் நிபுணர்களும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். எரிவையும் முரசையும் ஒரே பயணத்தில் காட்டலாம். அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, காத்திருப்பு இருக்கும். ஹட்டன்–கண்டி பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது, காலையில் நேரத்தோடு கிளம்பினால் நல்லது. தனியாரிடம் செய்வதானால், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, இந்தச் சத்திரசிகிச்சையை வழக்கமாகச் செய்பவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் வைத்தியரிடம் அண்ணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

சிங்களத்தில் சொன்னது பாதி புரியவில்லை என்று எழுதியது எனக்கு வருத்தம் தந்தது. 1987ன் 13ஆம் திருத்தத்துக்குப் பின் தமிழும் அரச கரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சம்மதப் படிவத்தில் உள்ளது புரியும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்த பிறகும் மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லலாம். தமிழ் தெரிந்த தாதியோ மாணவ வைத்தியரோ பேராதனையில் அநேகமாகக் கிடைப்பார்கள். இல்லாவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: என் வாய் எரிவுக்குக் காரணம் என்ன, அண்ணத்தில் நார் படிந்திருக்கிறதா? என் அண்ணத்தின் தடிப்பு எவ்வளவு? எந்தப் பல்லுக்கு எந்த முறை, ஏன்? காயத்தை எதைக் கொண்டு மூடுவீர்கள்? இரவில் இரத்தம் கசிந்தால் யாரை அழைப்பது?

லீவும் தேத்தண்ணியும்

குரல் போகாது. அண்ணத்தில் காயம் இருக்கும் முதல் சில நாட்கள் நாக்கு மேலே தொடும் எழுத்துகள் எல்லாம் கரகரக்கும், பேசப் பேச வலிக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'ட', 'ண', 'ழ' சொல்லிக் கொடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒரு வாரம் லீவு எடுங்கள்; மருத்துவச் சான்றிதழ் தருவார்கள். பாடசாலை விடுமுறையின் முதல் வாரத்தில் செய்துகொண்டால் லீவும் மிச்சம்.

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிப்பதை இரண்டு வாரம் விட வேண்டும், மலையகத்தில் இதுதான் எல்லோரும் மீறும் கட்டளை. சூடு பட்டால் உறைந்த இரத்தம் இளகிக் கசியும். ஆறவைத்துக் குடியுங்கள். கட்டச் சம்பலும், கடித்து இழுக்கும் தோட்டத்து ரொட்டியும் அப்புறம். குழைந்த சோறு, சொதியில் ஊறிய இடியப்பம், ஆறிய கஞ்சி போதும். ஒட்டு வைத்த இடத்தில் இரண்டு வாரம் பிரஷ் படக்கூடாது. பதிலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு காலை, மாலை வாய் கொப்பளிப்பீர்கள். அதோடு தேத்தண்ணி சேர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். பயப்பட வேண்டாம், பிறகு சுத்தம் செய்துவிடலாம்.

வலிக்குப் பனடோல் 500 மி.கி. இரண்டு மாத்திரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு வயிற்றுப்புண் சந்தேகம் இருப்பதால் இப்யூபுரோஃபனை வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கிராம்புத் தைலம், மண்ணெண்ணெய், மஞ்சள் என்று அம்மா எதைக் கொண்டுவந்தாலும் காயத்தில் பூச விடாதீர்கள். அண்ணத்தில் இரத்தம் வந்தால் வாய் கொப்பளிக்கக் கூடாது. நனைத்த துணித்துண்டை மடித்து விரலால் 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் கசிவை நீட்டிக்கும். அதற்கும் நிற்காவிட்டால் இரவென்று பாராமல் டிக்கோயா போய்விடுங்கள்.

பாக்கை இன்றோடு நிறுத்துவது சத்திரசிகிச்சைக்காக மட்டுமல்ல. ஆனால் அதற்காகவாவது தொடங்குங்கள். எரிவுக்கான பரிசோதனை முடிவு வந்ததும், அண்ணத்தின் அளவோடு இன்னொரு கடிதம் எழுதினால், மேல் பற்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்வதா, கீழ்ப் பல்லை முதலில் முடிப்பதா என்று அப்போது பேசலாம்.